உடனடிப் படம் தந்த எட்வின் லேண்ட்

1909-இல் அமெரிக்காவில் பிறந்த எட்வின் லேண்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1943-இல் விடுமுறைக்குச் சென்ற இடத்தில் மகளைப் படமெடுத்தார். படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று அந்த மூன்று வயதுச் சிறுமி கேட்டாள். அதற்கு விடையாக, ஒரு நிமிடத்தில் படம் தரும் போலராய்டு கேமரா 1948-இல் விற்பனைக்கு வந்தது. 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர், 1991-இல் காலமானார்.

அந்தப் பழைய கேமராக்களுக்கான படச்சுருள் இன்று தயாராவதில்லை. ஆனாலும் ஆர்வலர்கள் 110ஏ, 110பி ரகக் கேமராக்களின் பின்பகுதியை அறுத்து, இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் பொருந்தும்படி மாற்றுகிறார்கள். லென்சுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள இடைவெளி சரியாக அமைந்தால் படம் தெளிவாக விழும். சுங்கை பூலோவிலோ கிள்ளானிலோ தாத்தாவின் பெட்டியில் அப்படியொன்று கிடந்தால், பழைய சாமான்களோடு வீசிவிடாதீர்கள்.