எழுத்துத் தந்த சேக்குவோயா

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள் பல, பேச்சளவிலேயே வாழ்ந்து வருவன. பழமையான எழுத்துகளை முதன்முதல் அமைத்தவர் யாவர் என்பதை நாம் அறியோம். அவை பலர் கைபட்டுப் பன்னெடுங்காலம் வளர்ந்தவை. ஆயினும், சில மொழிகளுக்கு எழுத்தமைத்தவர் இன்னார் என்பது தெளிவாகத் தெரிகின்றது. அவருள் ஒருவர், வட அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கி மக்களிடையே தோன்றிய சேக்குவோயா.

சேக்குவோயா 1770ஆம் ஆண்டையொட்டி, இன்றைய டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தாயே அவரை வளர்த்தார். அவருக்கு ஒரு கால் ஊனமுற்றிருந்தது. ஆனால் கைகளோ தொழில் நுட்பம் மிக்கவை. வெள்ளியால் அணிகள் செய்வதிலும் இரும்பு வேலையிலும் அவர் வல்லவரானார். அவர் பள்ளியில் பயின்றவரல்லர், ஆங்கிலம் அறியாதவர்.

அக்காலத்தில் செரோக்கி நாட்டில் வெள்ளையர் குடியேற்றம் பெருகி வந்தது. உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. ஒவ்வொன்றாலும் செரோக்கி மக்களின் நிலம் குறைந்தது. அவ்வுடன்படிக்கைகள் எழுதப்பட்டதோ அவர்களுள் மிகப் பலர்க்கு விளங்காத ஆங்கிலத்தில். தொலைவிலிருப்போர் நினைத்ததைத் தாளில் கண்டறியும் வெள்ளையரின் ஆற்றல் பலர்க்கு மாயமாகத் தோன்றிற்று. எழுதிய தாள்களைப் பேசும் இலைகள் என்று அவர்கள் வழங்கினர். சேக்குவோயா அதனை மாயமென்று கருதவில்லை. மனிதர் ஆக்கிய அக்கலையைத் தம் மக்களும் ஆக்கிக்கொள்ளலாம் எனத் துணிந்தார். 1809ஆம் ஆண்டளவில் அம்முயற்சியைத் தொடங்கினார்.

முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி அமைக்க முற்பட்டார். குறிகள் பெருகிக்கொண்டே சென்றன. அத்தனையையும் நினைவில் இருத்துதல் எவர்க்கும் இயலாதென உணர்ந்து அவ்வழியைக் கைவிட்டார். உழவையும் தொழிலையும் மறந்து குறிகளைக் கிறுக்கிக்கொண்டிருந்த அவரைப் பித்தர் என்று சிலர் நகைத்தனர். சூனியம் செய்கின்றார் என்று சிலர் அஞ்சினர். அவர் எழுதி வைத்தவற்றை அவருடைய மனைவியே தீயிலிட்டார் என்றும் கூறுவர். அவர் மனந்தளரவில்லை. மக்கள் பேசுவதைச் செவிமடுத்து, சொற்களைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்துப் பார்த்தார். எண்ணற்ற சொற்களும் மிகச் சில ஒலிகளின் சேர்க்கையே என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. நம் உயிரெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் போன்ற அவ்வொலிகளுக்கு ஒவ்வொரு குறியாக 86 எழுத்துகளை அமைத்தார். ஆங்கில நூலொன்றில் கண்ட வடிவங்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டார். ஆனால், அவற்றுக்குத் தம் மொழியின் ஒலிகளையே அளித்தார்.

அவ்வெழுத்துகளை முதன்முதல் கற்றவர் அறிஞரல்லர். சேக்குவோயாவின் இளமகள் அயோகா. ஆறு வயதளவினளான அச்சிறுமி அவற்றை விரைவில் கற்றுத் தேர்ந்தாள். 1821ஆம் ஆண்டில் தலைவர்கள் அவ்வெழுத்தைச் சோதித்தனர். தந்தையையும் மகளையும் ஒருவர் சொல் மற்றவர் செவியில் விழாதபடி பிரித்து நிறுத்தினர். தலைவர்கள் கூறியதை ஒருவர் எழுத, மற்றவர் பிழையின்றிப் படித்தார். ஐயம் நீங்கிற்று. எள்ளியவர்களே கற்க முன்வந்தனர்.

செரோக்கி மொழி பேசுவோர் சில வாரங்களில் அவ்வெழுத்தைக் கற்றுக்கொண்டனர். கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர். கிழக்கே இருந்தவர்களும் மேற்கே ஆர்க்கன்சாவில் குடியேறியிருந்தவர்களும் தம் மொழியில் மடல் வரையத் தொடங்கினர். 1825இல் செரோக்கி அரசு அவ்வெழுத்தை ஏற்றுக்கொண்டது. 1828 பிப்ரவரி 21இல் ஜார்ஜியாவில் நியூ எக்கோட்டா என்னும் ஊரிலிருந்து செரோக்கி பீனிக்ஸ் என்னும் செய்தித்தாள் வெளிவந்தது. செரோக்கியும் ஆங்கிலமும் அதில் ஒருங்கே இடம்பெற்றன.

எனினும் நிலத்தின்மேற் கொண்ட ஆசை அடங்கவில்லை. 1830இல் பழங்குடியினரை மேற்கே அகற்றும் சட்டம் இயற்றப்பட்டது. 1835இல் ஜார்ஜியக் காவற்படையினர் அச்சுப்பொறியைக் கைப்பற்றினர். 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 செரோக்கி மக்கள் படைவலியால் தாயகத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். பசியாலும் பிணியாலும் குளிராலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். வீடும் வயலும் பின்தங்கின. எழுத்து மட்டும் அவர்களோடு சென்றது.

முன்பே மேற்கே குடியேறியிருந்த சேக்குவோயா, அங்கு வந்து சேர்ந்தவர்க்கும் முன்னரே இருந்தவர்க்கும் இடையே எழுந்த பகையைத் தணிக்க உழைத்தார். 1839இல் இரு பிரிவினரும் செய்துகொண்ட ஒற்றுமை உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. மெக்சிகோவில் சிதறிக் கிடந்த தம் இனத்தாரைத் தேடிச் சென்று, 1843இல் அந்நாட்டிலேயே உயிர்நீத்தார்.

இன்று ஒக்லகோமாவில் டாலக்குவா நகரத்துத் தெருப்பலகைகளில் அவருடைய எழுத்துகள் விளங்குகின்றன. கணினியிலும் அவை ஏறியுள்ளன. செரோக்கிச் சிறுவர் தம் பெயரை அவ்வெழுத்தாலேயே எழுதப் பழகுகின்றனர். எழுத்தறியாத ஒருவர் தம் மக்கள் அனைவரையும் எழுத்தறிந்தோராக்கிய வரலாறு இது. நிலத்தைப் பறிக்க வல்லார் உளர். கற்ற எழுத்தைப் பறிக்க வல்லார் எவருமிலர்.