பதினேழு ஆண்டுகளும் ஓர் ஒப்பந்தமும்

தொலைக்காட்சி நெடுந்தொடர்களில் நடிப்பவர்களை நாம் கலைஞர்கள் வரிசையில் எளிதில் சேர்ப்பதில்லை. நாள்தோறும் வீட்டுக்குள் வந்துபோகும் முகம் என்பதாலேயே அவர்களுடைய உழைப்பு நம் கண்ணில் படாமல் போகிறது. இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் பிரிட்டிஷ் நடிகை நோயல் கார்டன்.

1919-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாமில் அவர் பிறந்தார். நோயல் என்ற பெயரே அந்தப் பண்டிகையைக் குறிப்பதுதான். சிறு வயதிலேயே மேடையேறிய அவர், ராயல் நாடகக் கலைக்கழகத்தில் முறையாக நடிப்புப் பயின்றார். தொலைக்காட்சியின் முன்னோடியான ஜான் லோகி பேர்டு வண்ண ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தபோது கேமரா முன் அமர்ந்தவர்களுள் இவரும் ஒருவர். 1949-இல் லண்டனில் அரங்கேறிய ‘பிரிகடூன்’ இசை நாடகம் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அதில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் மெக். பின்னாளில் அவரை நாடறியச் செய்த பாத்திரத்தின் பெயரும் அதுவே.

மேடையில் புகழ் பெற்றிருந்த நிலையிலும் புதிய ஊடகத்தைக் கற்க அவர் தயங்கவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று தொலைக்காட்சித் தொழிலின் நுட்பங்களைப் பயின்று திரும்பினார். வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் ஏடிவி நிறுவனத்தில் சேர்ந்து, பர்மிங்ஹாமிலிருந்து ஒளிபரப்பான ‘லஞ்ச் பாக்ஸ்’ என்ற நண்பகல் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார். பிரதமர் ஹரால்டு மேக்மில்லனைத் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டார். பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரை அவ்வாறு பேட்டி கண்ட முதல் பெண் அவரே என்பர். நடிகை என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காத வாழ்க்கை அது.

1964 நவம்பர் 2 அன்று ‘கிராஸ்ரோட்ஸ்’ தொடர் தொடங்கியது. பர்மிங்ஹாம் அருகே சாலையோர விடுதி ஒன்றை நடத்தும் மெக் ரிச்சர்ட்சன் என்ற கைம்பெண்தான் கதையின் மையம். வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பு. நேரமும் பணமும் குறைவு. வசனம் தடுமாறினாலும் காட்சியை மீண்டும் எடுக்க வழியில்லை. அரங்கின் சுவர் ஆடுவதைக் கூட விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். ஆனால் அந்தச் சுவர்களுக்கு நடுவே பிழையின்றி நின்று, உடன் நடிப்பவரின் தடுமாற்றத்தையும் சமாளித்து, காட்சியை முடித்து வைப்பது எத்தகைய பயிற்சியைக் கோரும் என்பதை எழுதியவர்கள் குறைவு. மெக்கின் மகன் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்ததை அந்தத் தொடர் ஆண்டுக்கணக்கில் காட்டியது. அக்காலத் தொலைக்காட்சியில் அது அரிய செயல்.

மக்கள் தங்கள் தீர்ப்பை வேறுவிதமாக வழங்கினார்கள். உச்சத்தில் இருந்தபோது ஒன்றரைக் கோடிப் பேர் அத்தொடரைப் பார்த்தனர். பிடித்த நடிகைக்கான டிவி டைம்ஸ் விருதை வாசகர்கள் எட்டு முறை அவருக்கு அளித்தார்கள். 1975-இல் மெக்கின் திருமணக் காட்சி பர்மிங்ஹாம் பேராலயத்தில் படமாக்கப்பட்டபோது, உண்மையான திருமணத்துக்கு வந்ததுபோல் கூட்டம் தெருவை நிறைத்தது. திரைக்கு வெளியே நோயல் கார்டன் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

1981-இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நிறுவனம் அறிவித்தது. பதினேழு ஆண்டுகள் ஒரு தொடரைத் தோளில் சுமந்தவருக்குத் தெளிவான காரணம் கூடச் சொல்லப்படவில்லை. பார்வையாளர்கள் கொதித்தெழுந்தும் பயனில்லை. அந்த நவம்பரில் கதையில் விடுதி தீப்பற்றி எரிந்தது. மெக் இறந்துவிட்டாள் என்றே பலரும் நம்பினர். பிறகு குவீன் எலிசபெத் 2 கப்பலில் ஏறி மெக் நாட்டை விட்டுச் செல்வதாகக் காட்டி விடைகொடுத்தார்கள்.

அவர் முடங்கிவிடவில்லை. லெஸ்டரில் ‘ஜிப்சி’ இசை நாடகத்திலும், பின்னர் ‘கால் மீ மேடம்’ நாடகத்திலும் நடித்தார். 1983-இல் வெனிஸ் நகரில் எடுக்கப்பட்ட காட்சிக்காகச் சிறிது நேரம் மெக்காகத் திரும்பி வந்தார். 1985 ஏப்ரல் 14 அன்று, புற்றுநோயால், 65-ஆம் வயதில் காலமானார். அவரில்லாத கிராஸ்ரோட்ஸ் 1988-இல் முடிவுக்கு வந்தது.

ஒரு நிறுவனத்துக்குத் தன் பணியாளரை மாற்றும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தொடர் நிறுவனத்தின் உடைமை. ஒப்பந்தமும் அவ்வாறே சொல்லியிருக்கும். எனினும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் மாறிக்கொண்டேயிருந்த ஒரு படைப்பில் மாறாதிருந்த முகம் அவருடையது. மக்கள் பார்த்தது அந்த முகத்தை நம்பித்தான். ஒப்பந்தத்தில் எழுதப்படாத அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை எழுப்பிச் சென்றிருக்கிறது. அவரை நீக்கிய கதையையே மையமாகக் கொண்டு 2023-இல் ‘நாலி’ என்ற தொடர் வெளிவந்தது. ஹெலனா பான்ஹம் கார்ட்டர் அதில் நோயல் கார்டனாக நடித்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சி அவருக்குத் தந்திருக்க வேண்டிய மதிப்பு அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. தாமதமாக வந்தாலும் அது வந்தது என்பதில் எனக்கு நிறைவே.