ஹென்றி பிரான்சிசு பிளான்போர்டு

ஹென்றி பிரான்சிசு பிளான்போர்டு (சூன் 3, 1834 – சனவரி 23, 1893) ஒரு பிரித்தானிய நிலவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை வகைப்படுத்தியவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

இலண்டனில் பிறந்த இவர் அங்குள்ள அரச சுரங்கப் பள்ளியில் பயின்றார். 1855ஆம் ஆண்டு தம் அண்ணன் வில்லியம் தாமசு பிளான்போர்டுடன் இந்தியா வந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சகோதரர் இருவரும் ஒரிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராய்ந்தனர். அதன் பின்னர் பிளான்போர்டு தென்னிந்தியாவில் பணியாற்றினார்.

திருச்சிராப்பள்ளி ஆய்வு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை மிகப் பழமையான படிகப் பாறையாலானது. திருவரங்கம் தீவு காவிரியின் வண்டல் படிந்த நிலம். இவற்றுக்கு வடக்கே, கடல் முன்பு பரவியிருந்த நிலப்பகுதியில் ஏறத்தாழ 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுப் பாறைகள் வெளித் தெரிகின்றன.

ஓடைக் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் வெளிப்பட்ட அடுக்குகளைப் பிளான்போர்டு நேரில் பார்த்து வரைபடமாக்கினார். அடுக்குகளுக்கிடையிலான இடைமுறிவுகளையும், அவற்றிலுள்ள தொல்லுயிர் எச்சங்களையும் கொண்டு அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுமங்களாகப் பிரித்தார். இவ்வாய்வு 1862இல் வெளியானது. எச்சங்களுள் பெலம்னைட்டு, நாட்டிலசு வகைகளை இவரே விவரித்தார். அம்மோனைட்டு முதலியவற்றைப் பெர்டினாண்டு சுடோலிச்கா விவரித்தார். பின்னாளில் அரியலூர்க் குழுமத்தின் மேற்பகுதி நின்னியூர்க் குழுமம் எனத் தனியே பிரிக்கப்பட்டது. எனினும் இவரது அடிப்படைப் பகுப்பு இன்றும் வழக்கிலுள்ளது.

வானிலையியல்

உடல்நலக் குறைவால் 1862இல் நிலவியல் துறையை விட்டு விலகிய இவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1875இல் வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இமயமலையில் பனிப்பொழிவு மிகும் ஆண்டுகளில் பருவமழை குறையக்கூடும் என்ற கருத்தை 1884இல் வெளியிட்டார். இதனடிப்படையில் 1886இல் பருவமழை பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பு வெளியானது. 1880இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கிலாந்தின் போக்சுடனில் காலமானார்.

இன்றைய முக்கியத்துவம்

பிளான்போர்டிடம் நிலத்துக்கு அடியில் காணும் கருவிகள் எவையும் இல்லை. இன்று நிலம் ஊடுருவும் ரேடார் என்னும் கருவி வானொலி அலைகளைத் தரைக்குள் செலுத்தி, அடுக்கு எல்லைகளில் எதிரொளித்து வருவனவற்றைப் பதிவு செய்கிறது. உலர்ந்த மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இம்முறை நன்கு பயன்படும். களிமண் அலைகளை விரைவில் உறிஞ்சிவிடுவதால், ஊட்டத்தூர்க் குழுமத்தைச் சேர்ந்த காரைக் களிமண் அடுக்குகளில் ஆழமாகக் காண இயலாது. கருவி காட்டும் எல்லை எந்தப் பாறையுடையது என்பதை அறியவும் வெளிப்பட்ட பாறையுடன் ஒப்பிட வேண்டும். மழை அரிப்பாலும் சுண்ணாம்புக் கல் அகழ்வாலும் அழியும் ஒவ்வொரு பாறை வெளிப்பாட்டுடனும், பிளான்போர்டின் பகுப்பைச் சரிபார்க்கும் ஒரு சான்றும் மறைகிறது.