அரசுக் கணக்கும் அகக் கணக்கும்

உடலுக்கு ஒரு சிறு நோய் வரினும் மக்கள் உடனே அறிந்து மருந்து தேடுவர். உயிருக்கு வரும் நோய் அத்தகையதன்று. அது வலிப்பதில்லை; பசியைக் கெடுப்பதில்லை; செய்தொழிலைத் தடுப்பதுமில்லை. அலுவல் மிகுதியில் ஓசையின்றி வளர்ந்து, ஒருநாள் பெருஞ்சோதனை வந்து எதிர்ப்படும்போதே தன்னை வெளிப்படுத்துகின்றது. உலகியற் கடமைகளை வழுவாது ஆற்றிக்கொண்டே உயிர்நலத்தையும் விழிப்புடன் பேணுதல் எங்ஙனம் என்பது இல்லறத்தார் அனைவர்க்கும் உரிய வினா. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் தாயுமான சுவாமிகள்.

சுவாமிகள் கி.பி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கியவர். தந்தையார் கேடிலியப்ப பிள்ளை. தாயார் கசவல்லி அம்மையார். தந்தையார் திருமறைக்காட்டுத் திருக்கோயிற் காரியங்களைக் கவனித்து வந்த காலத்தில், அங்கு வழிபட வந்த விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருடைய நேர்மையையும் திறமையையும் கண்டு, திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் சென்று அரண்மனைப் பெருங்கணக்கராக அமர்த்தினார். கேடிலியப்பர் தம் மூத்த மகனாராகிய சிவசிதம்பரத்தைத் தமையனார்க்குச் சுவீகாரமாக அளித்துவிட்டமையால், மற்றொரு மகவு வேண்டி மலைக்கோட்டைப் பெருமானை வழிபட்டார். அப்பெருமான் திருவருளாற் பிறந்த குழந்தைக்கு அவன் திருப்பெயரே சூட்டப்பெற்றது.

தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்த சுவாமிகள், தந்தையார் மறைந்தபின் அரசன் விருப்பப்படி அப்பதவியை ஏற்றனர். விசயரங்க சொக்கநாதர் திருத்தல யாத்திரையிலும் கோயிற் கொடையிலும் பெருவேட்கை கொண்டவர். கொடுப்பதற்கு அளவு வையாத அரசனிடத்துக் கணக்கராயிருத்தல் எளிய தொழிலன்று. வந்த அரசிறை எவ்வளவு, சென்ற செலவு எவ்வளவு, கையிருப்பு யாது என்று ஏடும் எழுத்தாணியுமாகப் பொழுது போகும். காண வருவோரும் குறையிரந்து நிற்போரும் பலர். இத்தகைய பதவியில் இருந்தோர் பலர் செருக்கால் கெட்டதுண்டு. செருக்கிலாதார் சிலரும் சோர்வால் தம்மை மறந்ததுண்டு.

சுவாமிகளைக் காத்தது குருவருள். மலைக்கோட்டையில் சாரமாமுனிவர் மடத்தில் திருமூலர் மரபில் வந்த மௌன குரு எழுந்தருளியிருந்தார். அவரைக் கண்ட அளவில் சுவாமிகள் அனைத்தையும் துறந்து பின்செல்ல விழைந்தனர். குருநாதர் அதற்கு இசைந்திலர். இல்லறத்தில் நின்று உரிய கடமைகளை முடித்தபின் துறவு தானே வரும் என்று உணர்த்தி, சும்மா இருக்கும் நெறியை உபதேசித்து விடுத்தனர். சோம்பியிருத்தலைச் சும்மா இருத்தல் என்று மயங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வுபதேசம் பெற்றவர் அன்றாடம் அரண்மனைக்குச் சென்று அலுவல் பார்த்தவர். கை தொழிலில் இருக்க, நான் செய்கின்றேன் என்னும் முனைப்பு எழாமல் உள்ளம் திருவடியில் அடங்கியிருத்தலே அந்நெறியின் கருத்தாகும்.

இதனை விளக்கும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. ஒருநாள் அரசவையில் முதன்மையான ஓலையொன்று சுவாமிகள் கையில் தரப்பட்டது. அவர் சிவத்தியானத்தில் ஒன்றியவராய் அவ்வோலையை இரு கைகளாலும் கசக்கிவிட்டனர். அவையினர் அரசனை அவமதித்ததாகச் சினந்தனர். சிறிது போழ்தில் திருவானைக்காவிலிருந்து அருச்சகர் ஓடிவந்து, கருப்பூரச் சுடர் அகிலாண்டநாயகியின் ஆடையிற் பற்றியபோது சுவாமிகள் அங்குத் தோன்றித் தம் கையால் கசக்கி அணைத்ததைத் தெரிவித்தனர். அரசன் வியந்து வணங்கினான். அவையில் அமர்ந்திருந்த உடலும் அம்பிகை திருமுன் நின்ற உள்ளமும் ஒருவருடையனவே என்பதே இச்செய்தி அன்பர்க்கு உணர்த்தும் பொருள்.

எனினும் சுவாமிகள் தம்மை நிறைவுற்றவராக எண்ணியதேயில்லை. அவர் பாடல்களைப் பயில்வார்க்கு இவ்வுண்மை நன்கு புலப்படும். அரசனுக்கு எழுதிய கணக்கினும் நுணுக்கமாகத் தம் மனத்தின் வரவு செலவை அவர் இறைவன் திருமுன் எழுதி வைத்தனர். ஆசை எவ்வளவு பெற்றும் அடங்காமையையும், கொடிய விலங்குகளை வசப்படுத்த வல்லாரும் மனத்தை வசப்படுத்த மாட்டாமையையும், கற்ற கல்வியே வாதத்திற்குத் துணையாகி அடக்கத்தைக் கெடுப்பதையும் அவர் எடுத்தெடுத்துச் சொல்லி இரங்குகின்றனர். பிறர் குற்றத்தைப் பாடியதினும் தம் நெஞ்சத்தின் குற்றத்தைப் பாடியதே மிகுதி. 389 கண்ணிகளைக் கொண்ட பராபரக்கண்ணியில் கண்ணிதோறும் பரம்பொருளை விளித்து முறையிடுகின்றனர். ஒரே வேண்டுகோளை நூற்றுக்கணக்கான முறை வேண்டுவது, மனம் ஒருமுறை திருத்தினால் திருந்தியே நிற்கும் பொருளன்று என்பதை நன்கறிந்தமையாலேயாம்.

அவ்விழிப்பின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1732ஆம் ஆண்டில் அரசன் மகப்பேறின்றி மறைய, அரசி மீனாட்சி ஆட்சி ஏற்றனள். அவள் சுவாமிகளின் அறிவிலும் அழகிலும் ஈடுபட்டு, தன்னையும் அரசையும் அவருக்கு அளிக்க முன்வந்தாள் என்று வரலாறு கூறுகின்றது. சுவாமிகள் அறிவுரை கூறி அதனை மறுத்தனர். பின்னும் அவ்விடத்திலிருத்தல் தகாதெனக் கருதி, பதவியையும் பொருளையும் விடுத்துச் சீடர் அருளையருடன் திருச்சிராப்பள்ளியை நீங்கி இராமநாதபுரம் சென்றனர். நாள்தோறும் பற்றைச் சிறிது சிறிதாகக் களைந்து வந்தவர்க்கு, அனைத்தையும் விடவேண்டிய நாளில் தயக்கம் உண்டாகவில்லை.

பின்னர்த் தமையனார் சிவசிதம்பரம் பிள்ளை சென்று அழைக்கத் திருமறைக்காட்டிற்கு வந்து, குருமொழியை நினைந்து மட்டுவார்குழலி அம்மையாரை மணந்தனர். கனகசபாபதி என்னும் மகன் பிறந்தபின் அம்மையார் இறைவனடி சேர்ந்தனர். கடமை முடிந்த நிலையில் குருநாதர் அருளால் துறவு எய்தி, தலங்கள்தோறும் வழிபட்டு, இறுதியில் இராமநாதபுரத்தில் நிட்டை கூடித் தை மாத விசாக நாளில் சிவப்பேறு எய்தினர். அவர் கணக்கெழுதிய நாயக்கர் அரசு 1736ஆம் ஆண்டிற்குப்பின் நிலைபெறவில்லை. அவர் நெஞ்சக் கணக்காகிய பாடல்களோ இன்றும் தமிழகமெங்கும் ஓதப்படுகின்றன.

குடமுழுக்கு நிகழும் திருக்கோயிலில் இன்று சுவர் வெண்மையாய்த் திகழும். விமானக் கலசம் ஒளிவிடும். அடுத்த குடமுழுக்கு நிகழும்வரை அப்பொலிவைக் காப்பது வைகறைதோறும் நிகழும் அலகிடுதலும் மெழுகுதலும் விளக்கேற்றுதலுமே. ஒருநாள் விட்டாலும் தூசு படியும்; ஓராண்டு விட்டால் விமானத்தில் ஆலும் அரசும் முளைக்கும். உள்ளமாகிய கோயிலுக்கும் இதுவே முறை. கடையிலும் கழனியிலும் அலுவலகத்திலும் உழைத்து ஈட்டிய பொருளைத் திருப்பணிக்கு ஈந்த அன்பர்கள், இரவில் வரவு செலவை முடித்து ஏட்டை மூடுமுன், அன்றைய நாளில் எழுந்த சினம் எத்தனை, பிறந்த பொய் எத்தனை, திருவைந்தெழுத்தை நினைந்த பொழுது எவ்வளவு என்று தம் நெஞ்சையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராயின், அதுவே தாயுமான சுவாமிகள் காட்டிய வழியில் நிற்பதாகும். அவ்விழிப்பைத் திருவருள் அனைவர்க்கும் நல்குக.

திருச்சிற்றம்பலம்.