ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். வணிகராக வளர்ந்து, பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியானார். இவற்றை வரலாற்று நூல்களே சொல்லிவிடும்.

நம்மை வியக்க வைப்பது வேறு. 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கியவர், 1761 ஜனவரி வரை அதைக் கைவிடவில்லை. (நம்மில் பலர் பருவத் தொடக்கத்தில் வாங்கும் நாட்குறிப்பு மூன்றாம் வாரத்தைத் தாண்டுவதே அரிது!) கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு, சோதிடர் சொன்ன பலன் என எல்லாம் அதில் உண்டு. நடையோ இலக்கியத் தமிழன்று. அன்றைய புதுச்சேரியில் புழங்கிய பேச்சுத் தமிழ். அழகாக எழுத நினைத்திருந்தால், இத்தனை ஆண்டுகள் எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அவ்வேளையில்தான் துய்ப்ளேக்சின் ஆட்சி வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. அத்தனை செல்வாக்கு இருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆயினும், நடந்ததை மறைக்காமல் எழுதி வைத்தார். தம் எசமானரைப் பற்றி அப்படி எழுதத் துணிவு வேண்டும்.

1756-இல் பதவி பறிபோனது, உடலும் நலிந்தது. குறிப்புகளில் இடைவெளிகள் விழுந்தன. எனினும் எழுத்து தொடர்ந்தது. 1761 ஜனவரியில் அவர் காலமான சில நாள்களில், 16-ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. அந்த ஏடுகள் வெளியுலகின் கண்ணில் பட்டது 1846-இல்தான்.