கருங்காய்ச்சலை வென்ற மருத்துவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாம், வங்காளம், பீகார் ஆகிய பகுதிகளில் ஒரு கொடிய காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. நோயுற்றவரின் உடல் நாளுக்கு நாள் மெலியும். வயிற்றின் இடப்பக்கத்தில் மண்ணீரல் வீங்கிப் புடைக்கும். தோல் கருமை அடையும். ஆதலால் மக்கள் அந்நோயைக் காலா அசார் என்றனர். இந்தி பயிலும் உங்களுக்குக் காலா என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தமிழில் அதனைக் கருங்காய்ச்சல் என்பர்.

மலேரியாவிலும் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், மண்ணீரல் வீங்கும். எனவே மருத்துவர் பலர் கருங்காய்ச்சலையும் மலேரியா என்றே எண்ணிக் கொயினா கொடுத்தனர். மலேரியாவைத் தணிக்கும் அம்மருந்து இந்நோயைத் தீர்க்கவில்லை. அளவை மிகுதியாக்கியபோது காதிரைச்சலும் தலைச்சுற்றலும் உண்டாயினவே அன்றி நோய் நீங்கவில்லை. தக்க மருந்து கிடைக்காத நோயாளிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாண்டனர்.

இவ்விரு நோய்களும் வெவ்வேறானவை என்பது 1903 ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்பவர் நோயாளிகளின் மண்ணீரலில் ஓரணுக் கிருமி ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் கண்டு எழுதியதும் அதே கிருமியே. இருவர் பெயரையும் இணைத்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி எனப் பெயரிட்டனர். விடுமுறையில் நீங்கள் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் சாலையின் எதிர்ப்புறம் தெரியும் பெரிய மருத்துவமனையே டோனவன் பணியாற்றிய இடம். கிருமி தெரிந்துவிட்டது, அதனைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. அம்மருந்தைத் தேடியவருள் தலையாயவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

உபேந்திரநாத் 1870களில் பிறந்தவர். அவருடைய முன்னோர் வங்காளத்தின் பர்துவான் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை நீலமணி பிரம்மச்சாரி பீகாரில் உள்ள ஜமால்பூரில் இரயில்வே மருத்துவராக இருந்தார். ஆகவே உபேந்திரநாத்தின் பள்ளிப் பருவம் ஜமால்பூரில் கழிந்தது. பெற்றோரின் பணி நிமித்தம் பிற மாநிலத்தில் பயிலும் உங்களைப் போன்றே அவரும் வளர்ந்தார். கணிதத்திலும் வேதியியலிலும் சிறந்து விளங்கிய அவர், பின்னர்க் கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றார். வேதியியலையும் மருத்துவத்தையும் ஒருங்கே கற்றமையே பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1905 ஆம் ஆண்டில் சியால்தாவில் உள்ள கேம்பல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சேர்ந்தார். ஆய்வு செய்வதற்கு அங்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை மட்டுமே. அதில் எரிவாயு இல்லை, மின்விளக்கு இல்லை, குழாய் நீரும் இல்லை. பகலெல்லாம் நோயாளிகளைக் கவனித்த பின், இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அவர் ஆய்வைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் கருங்காய்ச்சலுக்கு ஆண்டிமனி கலந்த ஓர் உப்பை ஊசி வழியாகச் செலுத்தும் முறை வழக்கத்திற்கு வந்திருந்தது. ஆண்டிமனி என்பது நம் முன்னோர் கண்மைக்குப் பயன்படுத்திய அஞ்சனக்கல்லில் உள்ள தனிமம். அவ்வுப்பு கிருமியைக் கொன்றது. ஆனால் நோயாளியையும் வாட்டியது. வாந்தியும் இருமலும் உண்டாயின, இதயம் தளர்ந்தது. மாதக்கணக்கில் ஊசி போட வேண்டியிருந்தமையால் ஏழைகள் பலர் இடையிலேயே நின்றுவிட்டனர். கிருமிக்கு நஞ்சாகவும் மனிதருக்கு ஊறு குறைந்ததாகவும் ஆண்டிமனியை மாற்ற இயலுமா என்பதே உபேந்திரநாத்தின் முன் இருந்த வினா.

முதலில் அவர் அவ்வுப்பில் இருந்த பொட்டாசியத்தை நீக்கிச் சோடியத்தைச் சேர்த்துப் பார்த்தார். பின்னர் ஆண்டிமனியை நுண்துகளாக்கிச் செலுத்திப் பார்த்தார். ஓரளவு பயன் கிட்டியது. அது அவருக்குப் போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய சேர்மங்களை ஆக்கினார். 1920 ஆம் ஆண்டில் ஓர் இரவு, பத்து மணி அளவில், விளக்கின் புகை நிறைந்த அச்சிற்றறையில் அவர் எதிர்பார்த்த முடிவு கிட்டியது. யூரியாவுடன் இணைந்த அப்புதிய ஆண்டிமனிச் சேர்மத்திற்கு யூரியா ஸ்டிபமைன் என்று பெயரிட்டார்.

மருந்து கிடைத்ததோடு வேலை முடியவில்லை. எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் இடைவெளியில் கொடுப்பது என்பவற்றை நோயாளிகளிடம் பொறுமையாகக் கண்டறிய வேண்டியிருந்தது. மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினர். காய்ச்சி வடித்த நீரில் மருந்தை அவ்வப்போது கரைத்துச் சிரையில் செலுத்தினர். பல மாதம் நீண்ட சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. 1922 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். குணமடைந்தவர்களை அத்துடன் விட்டுவிடாமல் அவர் தொடர்ந்து கவனித்தார் என்பதே என்னை மிகவும் கவர்வது. அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் தோலில் புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றின. அவற்றிலும் கருங்காய்ச்சல் கிருமி ஒளிந்திருப்பதை அதே ஆண்டில் அவர் கண்டறிந்து எழுதினார்.

யூரியா ஸ்டிபமைனிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் வேதியியல் அமைப்பு நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை. ஒரு முறை தயாரித்ததற்கும் மறுமுறை தயாரித்ததற்கும் வேறுபாடு இருந்தது. ஆயினும் அசாமில் பிற மருத்துவர்களும் அதனைப் பெருமளவில் கொடுத்துப் பார்த்து அதன் பயனை உறுதி செய்தனர். நூற்றுக்குத் தொண்ணூறாக இருந்த இறப்பு, மருந்து பெற்றோரிடையே பத்துக்கும் கீழே இறங்கியது. தேயிலைத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன.

1929 ஆம் ஆண்டில் உபேந்திரநாத்தின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1934 இல் சர் பட்டம் பெற்றார். 1936 இல் இந்தூரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பெருமைகள் பல வந்த பின்னும் சியால்தாவின் அச்சிற்றறையைத் தம் புனிதத் தலமாகவே அவர் போற்றினார். 1946 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள் மறைந்தார். அவர் உழைத்த கேம்பல் மருத்துவமனை இன்று நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என்னும் பெயருடன் சியால்தா இரயில் நிலையத்தின் அருகே இயங்கி வருகிறது.