விளக்கும் கணக்கும்: பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

நர்ஸ் அம்மா கதைக்கு நம்ம பாலிடெக்னிக் மலரில் என்ன வேலை என்று மெக்கானிக்கல்காரர்கள் கேட்கலாம். கையில் விளக்கோடு நிற்கும் படம்தான் நமக்குத் தெரியும். அந்த அம்மையார் பெரிய கணக்குப்புலி!

1820 மே 12-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே பெயராயிற்று. வசதியான ஆங்கிலக் குடும்பம். அப்பாவே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீடே எதிர்த்தது. அந்தக் காலத்தில் அது மதிப்பில்லாத வேலை.

கிரிமியப் போர் வந்தது. 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். ராப்பகலாக உழைத்தார். அப்படியும் அந்தக் குளிர்காலத்தில் சாவு கூடிக்கொண்டே போனது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவிவிட்டு, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. அதன்பிறகு சாவு சரசரவென்று இறங்கியது.

1856-இல் ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து, போர்முனைப் படையின் சாவுக் கணக்கை மாதவாரியாகப் பிரித்தார். 1855 ஜனவரியில் இறந்தவர்கள் 3168 பேர். அதில் போர்க்காயத்தால் செத்தது வெறும் 83! காலரா, வயிற்றுக்கடுப்பு போன்ற தொற்றுநோயால் 2761. அடுத்த வருஷம் அதே ஜனவரியில் மொத்தமே 92.

இங்கேதான் அம்மையாரின் சாமர்த்தியம். ஜனவரிக்கு ஜனவரிதான் ஒப்பிட வேண்டும். குளிர்காலத்தைக் கோடையோடு வைத்தால் கணக்கு பொய் சொல்லும். படையின் அளவும் மாறியிருந்தது: முதல் ஜனவரியில் 32,393 பேர், அடுத்ததில் 44,212 பேர். அதனால் ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தார். அந்த ஒரு மாதத்தில் ஆயிரத்துக்கு 98 பேர் போனார்கள். மறுவருஷம் 2 பேர். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ‘இந்த வருஷம் இதுவரை, போன வருஷம் இதே தேதிவரை’ என்று ஒரு பட்டனில் வருகிறதே, அதே வேலைதான். அவர் கையால் செய்தார்.

அட்டவணையை மந்திரிமார் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்து, பூ இதழ்போல வண்ணப் படமாக வரைந்தார். 1854 ஏப்ரல் முதல் ஒரு வட்டம், 1855 ஏப்ரல் முதல் இன்னொன்று, பக்கத்தில் பக்கத்தில். மாதத்துக்கு ஓர் இதழ். இதழின் பரப்புதான் சாவின் அளவு. ஆரத்தை அளவாக வைத்தால் பெரியது இன்னும் பெரிதாகத் தெரியும். (டிராயிங் பேப்பரில் நாமும் கவனிக்க வேண்டியது!)

1857-இல் அரசு விசாரணைக் கமிஷன் அமைந்தது. ராணுவக் குடியிருப்புகளில் காற்றோட்டமும் வடிகாலும் வந்தன. 1858-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1860-இல் நர்ஸ் பள்ளி. போரில் வந்த காய்ச்சலால் பல வருஷம் படுக்கையிலேயே கிடந்தார். அங்கிருந்தபடியே இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரக் கணக்கையும் அலசினார். இந்தியா பக்கம் வந்ததேயில்லை!

1910 ஆகஸ்ட் 13-இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததைக் குடும்பத்தார் வேண்டாமென்றார்கள். கிராமத்துக் கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்.